செவலைக் குதிரையில் கருப்பைத் தேடுவது

குதிரையின் அடையாளத் தாளில் பெயர், வயது, பால், உயரம் எல்லாம் மளமளவென்று எழுதிவிடலாம். நிறம் என்ற கட்டம் வரும்போதுதான் பேனா நிற்கும். அதிலும் சிவப்பு வகைக் குதிரை என்றால் பக்கத்தில் நிற்கிற நாலு பேரும் நாலு பெயர் சொல்வார்கள். ஒருவர் செஸ்ட்நட் என்பார், இன்னொருவர் பே என்பார், மூன்றாமவர் சாரெல் என்பார், நாலாமவர் "செவலைனு எழுதுங்க, போதும்" என்று முடித்துவிடுவார். லாயத்தில் இந்தத் தாள்களை நிரப்பும் வேலை பல வருடங்களாக என் தலையில்தான் இருக்கிறது. பேச்சுக்கு செவலை போதும், தாளுக்குப் போதாது. வாங்க வருகிறவர், மருத்துவர், இனப் பதிவேட்டுக்காரர் எல்லோரும் குதிரையையும் தாளையும் ஒப்பிடும்போது முதலில் பார்ப்பது அந்த ஒரு கட்டத்தைத்தான்.

எங்கள் லாயத்தில் மூத்த பராமரிப்பாளர் ஒருவர் இருந்தார், எல்லோருக்கும் அவர் அண்ணன். புதுக் குதிரை வண்டியிலிருந்து இறங்கும்போது நாங்கள் அதன் முகத்தையும் முதுகையும் பார்த்துக்கொண்டிருப்போம், அவர் குனிந்து காலைப் பார்த்துக்கொண்டிருப்பார். "என்னண்ணே, நொண்டுதா?" என்று ஒருமுறை கேட்டேன். "இல்ல தம்பி, கலர் பாக்குறேன்" என்றார். சிவப்புக் குதிரைகளைப் பிரிக்கிற வேலையில் பாதி அந்தப் பதிலில் இருக்கிறது. உடம்பு எவ்வளவு சிவப்பு என்பதை முதலில் பார்க்கக் கூடாது. எங்கேயாவது கருப்பு முடி இருக்கிறதா என்று தேட வேண்டும். கால், பிடரி, வால், காதோரம் ஆகிய இந்த நான்கு இடங்களில் கருப்பு இருந்தால் அது பே. எங்குமே இல்லையென்றால் செஸ்ட்நட். மற்ற பெயர்களெல்லாம் இந்த இரண்டின் மேல் வந்து உட்காருபவை.

உடம்பின் சாயலை ஏன் நம்பக் கூடாது என்றால், அது ஒரே குதிரையில் ஒரே வருடத்துக்குள் பல வேஷம் போடும். குளிர்காலத்து நீள முடி மங்கலாக இருக்கும், அது உதிர்ந்து கோடைமுடி வந்தால் செம்புப் பாத்திரம் துலக்கியதுபோல மின்னும். முடியை மெஷினால் கத்தரித்துவிட்டால் நல்ல சிவப்பு செஸ்ட்நட் வெளுத்த ஆரஞ்சு நிறத்துக்குப் போய்விடும். பே குதிரை கத்தரித்தபின் எலி நிறத்துக்குக்கூடப் போகும். வெயிலும் வியர்வையும் சேர்ந்து முடி நுனியை வெளுக்க வைக்கும். தீவனத்தில் செம்புச் சத்து குறைந்தாலும் நிறம் மங்கும். குளிப்பாட்டி ஈரமாக நிற்கிற குதிரை ஒரு படி இருட்டாகத் தெரியும். ஆகவே காய்ந்த உடம்பில், பகல் வெளிச்சத்தில், நிழலான இடத்தில் வைத்துத்தான் பார்ப்பேன். மாலை வெயிலில் எல்லாக் குதிரையும் சிவப்புதான்.

கொஞ்சம் மரபியல் தெரிந்தால் இந்தக் கருப்பு தேடும் வேலை ஏன் பலிக்கிறது என்று புரியும். குதிரை முடியில் இரண்டே நிறமிகள்: யூமெலனின் கருப்பு, ஃபியோமெலனின் சிவப்பு. எந்த நிறமி உருவாகும் என்பதை எம்சி1ஆர் என்ற மரபணு தீர்மானிக்கிறது. அதில் சிவப்பு வடிவத்தைத் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வாங்கிய குதிரையின் முடியில் கருப்பு நிறமி உருவாகவே முடியாது. அதுதான் செஸ்ட்நட். இந்த மாற்றத்தை 1996இல் கண்டுபிடித்தார்கள். ஒரே ஒரு கருப்பு வடிவம் இருந்தாலும் குதிரையால் கருப்பு முடி உண்டாக்க முடியும். அந்தக் கருப்பு உடம்பு முழுக்கப் பரவுமா, ஓரங்களில் மட்டும் நிற்குமா என்பது அகூட்டி என்ற இன்னொரு மரபணுவின் வேலை. அகூட்டி வேலை செய்தால் கருப்பு கால், பிடரி, வால், காதோரம் என்று ஒதுங்கிவிடும், உடம்பு சிவப்பாகும். அதுதான் பே. அகூட்டி வேலை செய்யாவிட்டால் முழுக் கருப்புக் குதிரை.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நான் சொன்னது முடியைப் பற்றி மட்டும். செஸ்ட்நட்டுக்குத் தோலும் கண்ணும் கருமையாகத்தான் இருக்கும். மூக்கு நுனியில் தோல் கருப்பாகத் தெரிகிறது, அதனால் பே என்று வாதாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வாதமே இல்லை. குளம்பின் நிறமும் அப்படித்தான். அது மேலே உள்ள காலில் வெள்ளை இருக்கிறதா என்பதைச் சொல்லுமே தவிர, செஸ்ட்நட்டா பேயா என்று சொல்லாது.

காலில் என்ன பார்ப்பது

சாதாரண பே குதிரைக்கு முழங்கால் வரை கருப்புக் காலுறை போட்டதுபோல இருக்கும், பார்த்தவுடனே தெரிந்துவிடும். சிக்கல் இரண்டு இடத்தில் வருகிறது. முதலாவது, கருப்பு மிகக் குறைவாக உள்ள பே. சில குதிரைகளில் கருப்பு குளம்புக்கு மேலே கணுக்கால் அளவிலேயே நின்றுவிடும், அதற்கு மேல் கால் முழுக்கச் சிவப்பு. தூரத்திலிருந்து பார்த்தால் செஸ்ட்நட் என்றுதான் தோன்றும். குனிந்து குளம்பின் விளிம்பையும் கணுக்காலின் பின்பக்க முடியையும் பார்க்க வேண்டும். பிடரியும் வாலும் கருப்பாக இருந்து காலில் மட்டும் சந்தேகம் என்றால் பெரும்பாலும் இந்த வகைதான்.

இரண்டாவது, நாலு காலிலும் உயரமான வெள்ளை உள்ள பே. கருப்பு இருக்க வேண்டிய இடத்தை வெள்ளை மூடிவிடும். அப்போது வெள்ளை முடிகிற எல்லைக் கோட்டைப் பார்ப்பேன். அங்கே வெள்ளைக்கும் சிவப்புக்கும் நடுவில் கருப்பு முடி ஒரு பட்டையாகவோ சிதறலாகவோ தெரியும். குளம்புக்குச் சற்று மேலே, வெள்ளைக்குள் சின்னச் சின்னப் புள்ளிகள் சில குதிரைகளுக்கு இருக்கும். அந்தப் புள்ளி கருப்பு முடியாக இருந்தால் பே, சிவப்பாக இருந்தால் செஸ்ட்நட். இதைவிடச் சுலபமான தடயம் காது. பே குதிரையின் காது விளிம்பில் மை தீட்டியதுபோலக் கருப்பு ஓடும். குதிரை தலையை ஆட்டாமல் நிற்க வேண்டும் என்பதுதான் ஒரே நிபந்தனை.

வாலை மட்டும் பார்த்து முடிவு செய்வது சரிப்படாது. கரும் செஸ்ட்நட் சிலவற்றின் வால் தூரப் பார்வைக்குக் கருப்பாகவே தெரியும். கையில் ஒரு கொத்து எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஆழ்ந்த பழுப்போ கருஞ்சிவப்போ தெரியவரும். மறுபக்கம், பே குதிரையின் வால் நுனி வெயிலில் வெளுத்துச் செம்பட்டையாக இருக்கும். அதன் வேர்ப்பக்கத்தைப் பிரித்துப் பார்த்தால் கருப்பு அப்படியே இருக்கும். இந்த வேரைப் பார்க்கும் பழக்கம் எல்லாச் சந்தேகத்துக்கும் உதவும். நுனி வெயிலுக்குத் தக்கபடி மாறும், புதிதாக வளரும் வேர்ப்பக்கம்தான் உண்மை நிறம்.

பந்தய வரலாற்றில் ஒரு வேடிக்கை உண்டு. மேன் ஓ' வார், செக்ரட்டேரியட் என்ற இரண்டு பந்தயக் குதிரைகளையும் "பெரிய சிவப்பன்" என்ற பொருளில் பிக் ரெட் என்று அழைத்தார்கள். இரண்டும் செஸ்ட்நட், சரிதான். ஆனால் 1973, 1974, 1977 என்று மூன்று முறை கிராண்ட் நேஷனல் என்ற பந்தயத்தை வென்ற ரெட் ரம், பெயரிலேயே சிவப்பை வைத்துக்கொண்டிருந்தாலும், பே குதிரை. பெயரை வைத்து நிறத்தை நிரப்பாதீர்கள் என்று புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு இந்த உதாரணத்தைத்தான் சொல்வேன்.

கல்லீரல் நிறச் செஸ்ட்நட்

சிவப்பு வகையில் எனக்கு மிகவும் பிடித்ததும் மிகவும் தொல்லை தருவதும் இதுதான். காப்பிக்கொட்டைபோல அடர்ந்த பழுப்பு. லிவர் செஸ்ட்நட் என்பார்கள். அதன் பக்கத்தில் ஒரு கரும் பே குதிரையையும், வெயிலில் வெளுத்த ஒரு கருப்புக் குதிரையையும் நிறுத்தினால் மூன்றும் உடன்பிறந்தவை மாதிரி இருக்கும்.

பிரிக்கும் விதம் இப்படி. வெளுத்த கருப்புக் குதிரை முதுகிலும் விலாவிலும் செம்பழுப்பாக இருக்கும், ஆனால் முகவாய், கண்ணைச் சுற்றிய பகுதி, கால்களின் கீழ்ப்பகுதி எல்லாம் சுத்தமான கருப்பு. புது முடி வந்ததும் உடம்பும் கருத்துவிடும். கரும் பே குதிரைக்குக் காலும் பிடரியும் கருப்பு, ஆனால் முகவாய், விலாவின் ஓரம், தொடையின் உட்பக்கம் போன்ற மென்மையான இடங்களில் சிவப்போ பழுப்போ எட்டிப் பார்க்கும். லிவர் செஸ்ட்நட்டில் கதை தலைகீழ். உடம்பு இருட்டாக இருக்கும், கால் கீழே போகப் போகக் கருக்காது. அதே பழுப்பில் இருக்கும், பல சமயம் கொஞ்சம் சிவந்தும் தெரியும். முன்னங்காலின் முழங்காலுக்குக் கீழே உள்ள முடியைக் கையால் எதிர்த்திசையில் தடவிப் பார்த்தால் செம்பு நிறம் அடியில் தெரியும். கால் உடம்பைவிடக் கருத்திருக்கிறதா, சிவந்திருக்கிறதா என்ற இந்த ஒரு கேள்வியே முக்கால்வாசிச் சந்தேகத்தைத் தீர்த்துவிடும்.

சாரெலுக்கும் செஸ்ட்நட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது கேட்டால் எந்தப் பதிவேட்டுக்காக என்று நான் திருப்பிக் கேட்பேன். மரபணுவில் இரண்டும் ஒன்றே. அமெரிக்க குவார்ட்டர் குதிரைச் சங்கம் செம்புச் சிவப்பை சாரெல் என்றும் பழுப்பு கலந்த அடர்நிறத்தைச் செஸ்ட்நட் என்றும் தனித்தனியாகப் பதிகிறது. தரோபிரெட் என்ற பந்தயக் குதிரை இனத்தின் பதிவேட்டில் சாரெல் என்ற பெயரே கிடையாது, எல்லாம் செஸ்ட்நட். சஃபோக் பஞ்ச் என்ற உழவுக் குதிரை இனம் முழுக்க முழுக்கச் செஸ்ட்நட், அதற்குள்ளேயே ஏழு சாயல்களைப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். எந்தப் பதிவேட்டுத் தாளோ அந்தப் பதிவேட்டின் பெயரை எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பதுதான் நல்லது. இதற்காக நடந்த சண்டைகளில் செலவான நேரத்துக்கு ஒரு லாயத்தையே சுத்தம் செய்திருக்கலாம்.

பொன்முடிப் பிடரியும் அதன் வேஷதாரியும்

சிவப்பு உடம்பு, வெளிர் பொன்னிறப் பிடரி, வால். ஃப்ளாக்ஸன் செஸ்ட்நட் என்று சொல்லப்படும் இந்த அழகனை ஹாஃப்லிங்கர் இனத்தில் பார்க்கலாம். இதைப் பார்த்தவுடன் எழுதிவிடக் கூடாது என்பதற்கு வலுவான காரணம் ஒன்று இருக்கிறது: சில்வர் பே.

சில்வர் என்பது கருப்பு நிறமியை மட்டும் வெளுக்க வைக்கும் மரபணு, சிவப்பைத் தொடாது. ஒரு பே குதிரைக்கு அது வந்தால் உடம்பு சிவப்பாகவே இருக்கும். கருப்பாக இருந்திருக்க வேண்டிய பிடரியும் வாலும் வெளிறிவிடும், கால் மங்கிவிடும். தூரத்தில் நின்று பார்த்தால் அச்சு அசல் ஃப்ளாக்ஸன் செஸ்ட்நட். ராக்கி மவுன்டன், ஐஸ்லாண்டிக் போன்ற சில்வர் உள்ள இனங்களில் இந்தக் குழப்பம் வாடிக்கை.

நான் பார்க்கும் இடம் மறுபடியும் கால்தான். ஃப்ளாக்ஸன் செஸ்ட்நட்டின் கால் உடம்பைப் போலவே சிவப்பாகவோ அதைவிட வெளிர்ந்தோ இருக்கும். சில்வர் பேயின் காலில் சாக்லேட்டும் சாம்பலும் கலந்த ஒரு மங்கிய நிறம் தெரியும், உடம்பிலிருந்து தனியாகப் பிரிந்து நிற்கும். பிடரியைப் பிரித்தால் வேர்ப்பக்கம் கருத்து, நுனி வெளுத்திருக்கும். குட்டியாக இருக்கும்போது இமை முடி வெளுப்பாகவும் குளம்பில் செங்குத்தான கோடுகளாகவும் இருந்ததை யாராவது நினைவு வைத்திருந்தால் அதுவும் நல்ல தடயம்.

இதில் நான் கறாராக இருப்பதற்குக் காரணம் அழகியல் இல்லை, கண். சில்வர் மரபணுவோடு பிறவிக் கண்கோளாறு ஒன்று சேர்ந்து வருகிறது. ஒரு பிரதி உள்ள குதிரைக்குக் கண்ணுக்குள் நீர்க்கட்டிகள் வரலாம், பார்வை பெரும்பாலும் கெடுவதில்லை. இரண்டு பிரதிகள் சேர்ந்த குதிரைக்குக் கோளாறு கடுமையாக இருக்கும். செஸ்ட்நட் என்று தவறாகப் பதிந்த இரண்டு சில்வர் பேக்களை இணை சேர்த்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். உண்மையான செஸ்ட்நட்டும் இந்த மரபணுவை வெளியே தெரியாமல் சுமக்க முடியும், வெளுக்க அதன் முடியில் கருப்பே இல்லையே. அதனால் சில்வர் ஓடும் இனங்களில் பொன்முடிக் குதிரையை இனப்பெருக்கத்துக்கு எடுக்கும்போது சோதனை செய்யாமல் விடாதீர்கள்.

பாலமினோவோடு குழப்பம் இவ்வளவு ஆபத்தானது இல்லை. க்ரீம் என்ற மரபணுவின் ஒரு பிரதி செஸ்ட்நட்டின் மேல் விழுந்தால் பொன்னிற உடம்பும் வெண்பிடரியும் உள்ள பாலமினோ. வெளிர்ந்த ஃப்ளாக்ஸன் செஸ்ட்நட்டும் அடர்ந்த பாலமினோவும் சந்திக்கிற எல்லையில் கண்ணால் தீர்ப்பு சொல்ல முடியாத குதிரைகள் உண்டு. அங்கே நான் ஊகிப்பதே இல்லை. பொன்னிற உடம்போடு தோல் இளஞ்சிவப்பாக, புள்ளி புள்ளியாக இருந்து, கண்ணும் வெளிர் பழுப்பாக இருந்தால் அது ஷாம்பெயின் என்ற தனி மரபணு. மூக்கு, வாலின் அடிப்பக்கம், கண்ணைச் சுற்றி என்று மூன்று இடத்தில் தோலைப் பார்த்தால் போதும்.

முதுகுக் கோடு

சிவப்புக் குதிரையின் முதுகில் நடுக்கோடு தெரிந்தால் உடனே ரெட் டன் என்று உற்சாகமாகிவிடுவார்கள். டன் என்ற மரபணு உடம்பின் நிறத்தை மங்கச் செய்து, சில இடங்களில் மட்டும் பழைய அடர்த்தியை விட்டுவைக்கும். அதனால்தான் கோடு தெரிகிறது. உண்மையான ரெட் டன்னில் கோட்டின் ஓரம் பேனாவால் கிழித்ததுபோலத் தெளிவாக இருக்கும், பிடரியிலிருந்து வாலுக்குள் வரை ஓடும், நிறம் கருஞ்சிவப்பு. கூடவே முழங்கால்பக்கம் வரிக்குதிரையை நினைவூட்டும் மெல்லிய குறுக்குக் கோடுகள், உடம்பைவிட இருண்ட முகம், தோளில் ஒரு நிழல் என்று துணைச் சாட்சிகள் வரும். பிடரியிலும் வாலிலும் ஓர முடி வெளுத்திருப்பதும் உண்டு.

டன் இல்லாத குதிரைக்கும் முதுகில் கோடு வரும், குறிப்பாகக் குட்டிகளுக்கு. அந்தக் கோடு ஓரம் கலங்கிய நிழல்போல இருக்கும். உடம்பு மங்கியிருக்காது. முடி உதிரும் பருவத்தில் காணாமல் போகும். ஒரு வருடம் பொறுத்திருந்து பார்க்க முடிந்தால் பொறுப்பதே மேல். கோடு சிவப்பாக இல்லாமல் கருப்பாக இருந்து காலும் கருப்பாக இருந்தால் அது ரெட் டன் அல்ல, பேயின் மேல் வந்த டன். இங்கேயும் கருப்பு தேடும் விதி கைகொடுக்கிறது.

வெள்ளை முடி கலந்த சிவப்பு

சிவப்பில் வெள்ளை முடி தூவினதுபோல இருந்தால் மூன்று சாத்தியங்கள். ரோன் என்றால் உடம்பு முழுக்க வெள்ளை கலந்திருக்கும், தலையும் காலும் மட்டும் கலப்பில்லாமல் அடர் நிறத்திலேயே நிற்கும். காயம்பட்ட இடத்தில் முடி வெள்ளை கலக்காமல் அடர்ந்து முளைக்கும், அதனால் பழைய ரோன் குதிரையின் உடம்பில் சிவப்புப் புள்ளிகள் சேர்ந்துகொண்டே போகும். வயதாவதால் அது வெளுத்துவிடாது. சாம்பல் குதிரையாக மாறிக்கொண்டிருக்கும் செஸ்ட்நட்டோ இதற்கு நேர் எதிர்: தலைதான் முதலில் வெளுக்கும், கண்ணைச் சுற்றிக் கண்ணாடி போட்டதுபோல வெள்ளை முடி வரும், வருடா வருடம் இன்னும் வெளுத்துக்கொண்டே போகும். அந்தக் குதிரைக்கு இன்று எந்த நிறம் எழுதினாலும் சில வருடத்தில் பொய்யாகிவிடும், ஆகவே சாம்பல் என்றே எழுத வேண்டும். மூன்றாவது ராபிக்கானோ. விலாவிலும் வாலின் அடியிலும் மட்டும் வெள்ளை முடி, மற்றபடி சாதாரணச் சிவப்பு.

ரோனிலும் அடி நிறம் கேட்டால் காலைப் பாருங்கள். கால் கருப்பு என்றால் பே ரோன், சிவப்பு என்றால் செஸ்ட்நட் ரோன். முன்பெல்லாம் இரண்டையும் சேர்த்து ரெட் ரோன் என்று எழுதிவைத்த தாள்கள் நிறைய இருப்பதால், பழைய தாளில் அந்தப் பெயரைப் பார்த்தால் குதிரையை நேரில் பார்க்காமல் நான் நகலெடுப்பதில்லை.

குட்டிகள்

பிறந்த குட்டியின் நிறத்தை உடனே எழுதச் சொல்லி அவசரப்படுத்துவார்கள். பிறக்கும்போது பே குட்டிக்குக் கால் கருப்பாக இருக்காது. சாம்பலும் வெளிர் மஞ்சளும் கலந்த நிறத்தில் இருக்கும். செஸ்ட்நட் குட்டிக்கும் கால் வெளிர்ந்தே இருக்கும். ஆக, நான் இவ்வளவு நேரம் புகழ்ந்த கால் சோதனை குட்டியிடம் செல்லாது. பிடரியின் நடுவில் உள்ள குட்டை முடி, காதின் ஓரம், வாலின் உள்முடி ஆகிய இடங்களில் கருப்பு தெரிந்தால் பே என்று நினைக்கலாம். சில மாதத்தில் குட்டி முடி உதிரத் தொடங்கும்போது முழங்காலிலிருந்து கருப்பு வெளியே வரும், அதுவரை தாளில் பென்சிலால் எழுதிவைப்பது என் வழக்கம். குட்டியின் சிவப்பு அசாதாரணமாக அடர்ந்திருந்து, தாயோ தகப்பனோ சாம்பல் குதிரையாக இருந்தால், கண் இமையைச் சுற்றி வெள்ளை முடி வருகிறதா என்று வாராவாரம் பார்ப்பேன்.

பெற்றோரின் நிறமும் உதவும். இரண்டு செஸ்ட்நட்டுக்குப் பே குட்டி பிறக்காது. பிறந்துவிட்டது என்றால் தாய் தகப்பன் இருவரில் ஒருவரின் நிறம் தப்பாக எழுதப்பட்டிருக்கிறது, அல்லது தகப்பனே வேறு. இரண்டாவதைச் சொல்லும் முன் முதலாவதைச் சரிபார்ப்பது நாகரிகம். இரண்டு பே குதிரைகளுக்குச் செஸ்ட்நட் பிறப்பது மட்டும் முற்றிலும் சாதாரணம். இருவரும் சிவப்பு வடிவத்தை ஒளித்து வைத்திருந்தால் ஒவ்வொரு குட்டிக்கும் 25 சதவீத வாய்ப்பு. செஸ்ட்நட்டுக்கும் கருப்புக்கும் பே பிறப்பதையும் பார்க்கலாம். செஸ்ட்நட்டிடம் அகூட்டி இருந்தாலும் ஒதுக்கிவைக்கக் கருப்பு இல்லாததால் வெளியே தெரியாது, கருப்புத் துணையோடு சேர்ந்த குட்டியில் அது தெரிந்துவிடும். இதைப் பார்த்து வீணாகச் சந்தேகப்பட்டவர்கள் உண்டு.

படமும் சோதனையும்

படத்தை மட்டும் அனுப்பி "இது என்ன கலர்?" என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் வேறு படம்தான் கேட்பேன். கைபேசி கேமரா சுற்றுப்புறத்துக்கு ஏற்ப நிறத்தைத் தானே திருத்திக்கொள்ளும், பச்சைப் புல்லில் நிற்கும் குதிரையும் செம்மண்ணில் நிற்கும் குதிரையும் ஒன்றாக வராது. மேகமூட்டமான பகலில் அல்லது திறந்த நிழலில், ஃபில்டர் எதுவும் இல்லாமல், பக்கவாட்டில் முழு உடம்பு ஒன்று, நாலு காலும் முழங்காலுக்குக் கீழே கிட்டத்தில், காதோரம் ஒன்று, பிடரியைக் கையால் பிரித்து வேர் தெரிய ஒன்று. இத்தனையும் வந்தால் பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஒரே சாயலில் இரண்டு குதிரை இருக்கிற இடத்தில் நிறம் எவ்வளவு சரியாக எழுதினாலும் அது அடையாளம் ஆகாது. நெற்றிச் சுழி, கழுத்துச் சுழி எங்கே எத்தனை என்று படத்தோடு குறித்துவைக்க வேண்டும். வெள்ளையே இல்லாத குதிரைக்குச் சுழிதான் கையெழுத்து.

கண் தோற்கும் இடத்தில் முடிச் சோதனை. பிடரியிலோ வாலிலோ வேரோடு 20 முதல் 30 முடி பிடுங்கி அனுப்பினால் போதும். கத்தரித்த முடியால் பயனில்லை, மரபணு வேரில்தான் இருக்கிறது. குட்டியாக இருந்தால் பிடரி முடி மெல்லியது, அறுந்துவிடும், ஆகவே வாலில் எடுங்கள். காகித உறையில் காயவைத்துப் போடுங்கள், ஈரத்தோடு பிளாஸ்டிக்கில் அடைக்காதீர்கள். இரண்டு குதிரைக்கு எடுக்கும்போது நடுவில் கையைக் கழுவி, முதல் உறையில் பெயர் எழுதி ஒட்டியபின்தான் இரண்டாவது குதிரையைத் தொட வேண்டும். எல்லாச் சோதனையையும் மொத்தமாகக் கேட்கவும் தேவையில்லை. செஸ்ட்நட்டா பேயா என்ற சந்தேகத்துக்கு எம்சி1ஆர் சோதனை ஒன்றே போதும்: அறிக்கையில் இரண்டும் ஆங்கிலச் சின்ன 'e' என்று வந்தால் செஸ்ட்நட், பெரிய 'E' ஒன்றாவது இருந்தால் அல்ல. பொன்முடி என்றால் அதோடு சில்வர், க்ரீம் இரண்டும் கேளுங்கள். முதுகுக் கோடு என்றால் டன். சாரெலா செஸ்ட்நட்டா என்று கேட்டு மட்டும் முடி அனுப்பாதீர்கள், அதற்குப் பதில் சொல்லும் சோதனை எதுவும் இல்லை.